அம்மாவுக்கு ஷெங்கன் விசா: முதல் முறை மறுப்பு, இரண்டாம் முறை கிடைத்தது

என் தம்பி ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரத்தில் வேலை பார்க்கிறான். அவன் மனைவிக்கு 2026 ஜனவரியில் பிரசவம் என்று டாக்டர் நாள் சொன்னதும், அம்மா போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். அம்மாவுக்கு வயது 66. கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து காலமானவர், அதனால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, அது போக சொந்த வீடும் கொஞ்சம் நிலமும் உண்டு. சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரிக் கணக்கு ஒரு வருடம்கூடத் தாக்கல் செய்ததில்லை, திருப்பதிக்கு அப்பால் ஒரு ஊருக்கும் போனதில்லை. இப்படி ஒருவருக்கு விசா வாங்குவது எப்படி என்று தேடினால், கிடைத்ததெல்லாம் ஐடி கம்பெனியில் இருப்பவர்களும் தேனிலவுக்குப் போகிறவர்களும் எழுதியவைதான். கிராமத்தில் இருக்கும் அப்பா அம்மாவைக் கூப்பிட நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பு.

ஜூலையில் ஊரில் ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் போனோம். ஜெர்மனிக்கு இப்போது அப்பாயின்ட்மென்ட் இல்லை, வேறொரு ஐரோப்பிய நாட்டுக்கு உடனே தேதி இருக்கிறது, ஷெங்கன் விசா எதுவானாலும் ஒன்றுதானே, அங்கே வாங்கிக்கொண்டு ஜெர்மனியில் இறங்கிக்கொள்ளலாம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன் பகுதி, அதில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன, ஒரு நாடு கொடுத்த விசாவில் மற்ற நாடுகளுக்கும் போகலாம் என்பதும் உண்மை. ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது: எங்கே அதிக நாள் தங்கப் போகிறோமோ அந்த நாடு, எல்லா இடத்திலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாடு. அம்மா தங்கப் போவது முழுக்க முழுக்க ஜெர்மனியில். அதை மறைத்து, 66 வயதுப் பெண் தனியாக ஒரு ஊருக்குப் போய் 12 நாள் ஹோட்டலில் தங்கிச் சுற்றிப் பார்க்கப் போகிறார் என்று அந்த ஏஜென்ட் எழுதினார். அம்மா அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே சென்னை வரை வந்தார். ஹோட்டல் பதிவை நாங்கள் விண்ணப்பம் கொடுத்த மறுநாளே அவர் ரத்து செய்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் பாஸ்போர்ட் திரும்பி வந்தது, உள்ளே ஒரு தாள். ஷெங்கன் மறுப்புக் கடிதம் எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரிப் படிவம், காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்தியதற்கு நேராக டிக் போட்டிருப்பார்கள். பயணத்தின் நோக்கம், தங்கும் விதம் பற்றிக் கொடுத்த தகவல் நம்பத் தகுந்ததாக இல்லை என்ற இடத்தில் டிக் இருந்தது. அந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் கொடுத்தது உண்மையிலேயே நம்பத் தகுந்ததாக இல்லை, அவ்வளவுதான். கட்டணம் 90 யூரோ திரும்ப வராது, 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு அதுதான் கட்டணம். பணத்தைவிட அம்மாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. "நான் என்ன தப்புப் பண்ணினேன் பாப்பா, கைரேகை சரியா விழலையா?" என்று இரண்டு நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. விண்ணப்ப மையத்தில் பத்து விரல்களின் ரேகையும் எடுப்பார்கள். வயல் வேலையும் பாத்திரம் தேய்ப்பதுமாக நாற்பது வருடம் ஓடிய கை அது, ரேகை தேய்ந்து போயிருந்தது. கண்ணாடியில் விரலை வைக்க வைக்கத் திரையில் சிவப்புதான் வந்தது. அங்கிருந்த பெண் ஈரத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தன் விரலால் மேலே அழுத்திப் பிடித்து, ஐந்தாறு முறை முயன்று எடுத்தார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கையில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள், போகிற அன்று காலையில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிவிட வேண்டும். ஒரு முறை எடுத்த ரேகை 59 மாதம் வரை அவர்களது கணினியில் இருக்கும். அதனால் இரண்டாம் முறை அம்மாவுக்கு மறுபடி எடுக்க வேண்டி வரவில்லை.

ஒரு முறை மறுத்துவிட்டால் அவ்வளவுதான், இனிமேல் கிடைக்காது என்று பலர் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. மறுப்பு எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் தெரியும், ஆனால் மறுபடி விண்ணப்பிக்கத் தடை எதுவும் கிடையாது. இதில் ஜெர்மனி பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஜெர்மனி விசா மறுத்தால் தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒன்று புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பத்தையே நிதானமாகச் செய்வது முன்பைவிட முக்கியம்.

இரண்டாம் முறை ஏஜென்ட் இல்லாமல் நானே உட்கார்ந்தேன். அம்மாவைத் தனியாக அனுப்பும் எண்ணத்தையும் விட்டுவிட்டு, நானும் 20 நாள் லீவு போட்டுக் கூடப் போவது என்று முடிவு செய்தேன். என் விண்ணப்பம் சுலபம். வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் என்று வழக்கமானவை. கஷ்டமெல்லாம் அம்மாவின் காகிதங்களில்தான்.

அந்தப் பக்கம் உட்கார்ந்து படிப்பவருக்கு நம்மைத் தெரியாது. அவர் மூன்று கேள்விக்குப் பதில் தேடுகிறார். எதற்குப் போகிறார், செலவு யாருடையது, திரும்பி வருவாரா. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பார்த்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

எதற்குப் போகிறார் என்பதற்கு, தம்பி எழுதிய அழைப்புக் கடிதம், அவன் குடியிருப்பு அட்டையின் நகல், மருமகளின் பிரசவத் தேதி போட்ட மருத்துவச் சான்று. பிரசவத்துக்குப் போகிறார் என்று எழுதினால் வேலைக்குப் போவதாக நினைத்துக்கொள்வார்கள், சுற்றுலா என்றே எழுதுங்கள் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். கேட்கவில்லை. மகன் வீட்டுக்குப் போகிறார், பேரக்குழந்தை பிறக்கப் போகிறது என்று இருப்பதை அப்படியே எழுதினோம்.

செலவு யாருடையது என்பதற்கு ஜெர்மனியில் ஒரு தனிக் காகிதம் இருக்கிறது. 'ஃபெர்ப்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்லேருங்' என்று வாயில் நுழையாத பெயர், பொறுப்பேற்பு உறுதிமொழி என்று வைத்துக்கொள்ளலாம். கூப்பிடுகிறவர் தன் ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போய், சம்பளச் சீட்டும் வீட்டு வாடகை ஒப்பந்தமும் காட்டி, வருகிறவரின் செலவு முழுக்க, ஆஸ்பத்திரிச் செலவு உட்பட, என்னுடையது என்று கையெழுத்துப் போட வேண்டும். கட்டணம் 29 யூரோ. விளையாட்டுக் காகிதம் இல்லை, நாளைக்கு ஏதாவது ஆகி அரசு செலவு செய்தால் கையெழுத்துப் போட்டவரிடம் வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. அதன் அசல்தான் இங்கே வர வேண்டும், தம்பி கூரியரில் அனுப்பினான். சில ஊர்களில் அந்த அலுவலகத்தில் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும், அதனால் முதலில் தொடங்க வேண்டிய வேலை இது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் இருக்கும் சொந்தக்காரர் கூப்பிட்டால் இதே போன்ற ஒன்றை அவர் ஊர் நகராட்சியில் வாங்க வேண்டும், அங்கே தங்க வைப்பதற்கான சான்று என்ற பெயரில் இருக்கும்.

திரும்பி வருவாரா என்பதுதான் அம்மா மாதிரி ஆட்களுக்குச் சிக்கலான கேள்வி. ஓய்வூதிய ஆணை, பென்ஷன் வரும் வங்கிக் கணக்கின் மூன்று மாத விவரம், அம்மா பெயரில் உள்ள வைப்புத் தொகை ரசீது, வீட்டு வரி ரசீது, பட்டா. தமிழில் இருந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கினோம். கூடவே கடிதத்தில், மூத்த மகள் நான் இங்கேயே இருக்கிறேன், நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பதன் கணக்கு பார்க்க அவர்தான் வர வேண்டும், மார்ச்சில் கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல் இருக்கிறது என்று மூன்று வரி. போன தடவை ஏஜென்ட் சொல்படி கணக்கில் திடீரென்று இரண்டு லட்சம் போட்டு வைத்திருந்தோம். மாதம் தவறாமல் வரும் பென்ஷனுக்கு நடுவில் அந்த ஒரு வரி எப்படித் துருத்திக்கொண்டு நின்றது என்பது, விவரத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. இந்த முறை ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை. செலவுக்குத்தான் தம்பியின் உறுதிமொழி இருக்கிறதே.

அப்புறம் பெயர். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரு தடவை இதில் முட்டிக்கொண்டிருப்பார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி, பெயர் மட்டும்தான். விண்ணப்பப் படிவத்திலோ குடும்பப் பெயர்தான் முதல் கட்டம். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ அதை மாற்றாதீர்கள், அப்பா பெயரையோ கணவர் பெயரையோ நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். விமான டிக்கெட், இன்சூரன்ஸ், தம்பியின் உறுதிமொழி மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டைப் போல இருக்க வேண்டும் என்று தம்பியிடம் முதலிலேயே பாஸ்போர்ட் நகலை அனுப்பிச் சொல்லிவிட்டேன். இங்கே வேறொரு தொல்லை வந்தது. பாஸ்போர்ட்டில் 'லக்ஷ்மி', பென்ஷன் ஆணையில் 'லட்சுமி', வங்கியில் முன்னால் இனிஷியல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி மேலே வைத்தோம்.

தம்பி அம்மாவின் பிள்ளைதான் என்று காட்டவும் சிரமப்பட்டோம். அவன் பிறந்தபோது பதிவு செய்த பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லை, ஆண் குழந்தை என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். கடைசியில் கை கொடுத்தது அப்பா காலமானபோது வாங்கிய வாரிசுச் சான்றிதழ். தாசில்தார் கையெழுத்துடன் மனைவி, மகள், மகன் என்று மூன்று பேர் பெயரும் உறவு முறையும் வயதும் ஒரே தாளில். அதோடு தம்பி பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் இருக்கும் பக்கத்தையும் சேர்த்தோம். பீரோவின் அடியில் கிடந்த அந்தச் சான்றிதழைக் கையில் எடுத்தபோது அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்போர்ட்டுக்கான விதிகளையும் சொல்லிவிடுகிறேன். கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறமும் குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். முடிவு சொல்ல 15 நாள், கூடுதலாகப் பார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகும். டிக்கெட்டுக்கு முன்பதிவு காட்டினால் போதும், விசா கையில் வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொருந்துவது, தங்கும் நாள் முழுவதற்கும் என்பது விதி. இந்த மூன்றும் இருந்தால் விசாவுக்குப் போதும், ஆனால் அம்மாவுக்கு அது போதாது. அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவைப் பல பாலிசிகள் கொடுப்பதில்லை. விலை குறைந்த பாலிசியில் சிறிய எழுத்தில் அதுதான் இருந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் அதையும் ஓரளவு ஏற்கும் பாலிசியைத் தேடி எடுத்தோம். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தங்கினால் என்ன செலவு ஆகும் என்று தம்பி சொன்னதைக் கேட்ட பிறகு, இதில் மிச்சம் பிடிக்க மனம் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் சென்னையில் விஎஃப்எஸ் மையத்தில் கொடுத்தோம். அந்த மையம் காகிதங்களை வாங்கித் தூதரகத்துக்கு அனுப்பும், அவ்வளவுதான், கொடுப்பதா மறுப்பதா என்பது அவர்கள் கையில் இல்லை. ஆகவே அங்கே யாராவது 'சொல்லி வாங்கித் தருகிறேன்' என்றால் நகர்ந்துவிடுங்கள். முந்தைய மறுப்பையும் நாங்கள் மறைக்கவில்லை. என்ன நடந்தது, எங்கே தவறு செய்தோம் என்று கடிதத்தில் நாலு வரி நேராக எழுதியிருந்தோம். கிளம்பும் முன் அம்மாவிடம் ஃபைலைக் கொடுத்து ஒவ்வொரு தாளையும் என்ன, எதற்கு என்று சொன்னேன். போன முறை அவருக்கு எதுவும் தெரியாமல் பொம்மை மாதிரி உட்கார வைத்துவிட்டோம். இந்த முறை கவுன்ட்டரில் வாரிசுச் சான்றிதழைத் தேடிக்கொண்டு நான் திணறியபோது, "பட்டாவுக்கு அடியில இருக்கு பாரு" என்றார்.

அக்டோபர் மூன்றாம் வாரம் பாஸ்போர்ட் வந்தது. இரண்டு பேருக்கும் விசா.

அந்த ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள், இதில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். அம்மாவுக்கு டிசம்பர் 6 முதல் மார்ச் 10 வரை என்று போட்டிருந்தது, கீழே தங்கும் நாட்கள் 80, நுழைவு ஒரு முறை. தம்பி அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, "அக்கா, மார்ச் 10 வரைக்கும் இருக்கே, டிக்கெட்டை மார்ச் முதல் வாரத்துக்கு மாத்திடட்டுமா?" என்றான். மாற்றியிருந்தால் அம்மா அனுமதி மீறித் தங்கியவர் ஆகியிருப்பார். மார்ச் 10 என்பது பயணத் தேதி தள்ளிப் போனால் உதவட்டும் என்று கூடுதலாக 15 நாள் சேர்த்துக் கொடுப்பது. அதற்குள் எப்போது போனாலும் உள்ளே இருக்கக்கூடிய மொத்த நாள் 80 மட்டும்தான். நுழைந்த நாளும் ஒரு நாள், வெளியேறும் நாளும் ஒரு நாள். டிசம்பர் 6இல் இறங்கினால் பிப்ரவரி 23 எண்பதாவது நாள். காலண்டரில் நானும் தம்பியும் தனித்தனியாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுத்தோம். குறுகிய கால விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கக் கூடாது என்ற பொது விதியும் இதற்கு மேல் இருக்கிறது.

பெட்டி கட்டும்போது இன்னொரு விதி குறுக்கே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. பால் பொருள் என்றால் நெய், பால்கோவா எல்லாம் சேர்த்திதான். மருமகளுக்குப் பிரசவ லேகியம் கிளறி எடுத்துப் போவது என்று அம்மா ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தார், அதில் நெய் இல்லாமல் எப்படி? கடைசியில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் வறுத்துப் பொடித்துத் தனித்தனிப் பொட்டலமாகப் பெயர் எழுதி எடுத்துக்கொண்டார். அங்கே போய் வெண்ணெய் வாங்கி உருக்கி லேகியம் கிளறினார். கறிவேப்பிலையையும் விட்டுவிட்டோம், பச்சை இலை, காய், பழங்களுக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்கும் மட்டும் விலக்கு. மாத்திரைகளை அட்டையோடு, மருந்தின் மூலப் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்தோம்.

விசா இருந்தாலும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் முடிவு. அழைப்புக் கடிதம், உறுதிமொழி, இன்சூரன்ஸ், திரும்பும் டிக்கெட் நான்கையும் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும், பெட்டி வருவது எல்லைச் சோதனைக்கு அப்புறம்தான். பிராங்பர்ட்டில் காலையில் இறங்கினோம். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள். விசா உள்ளவர்களின் ரேகை முன்பே அவர்களிடம் இருப்பதால் முகப் படம் மட்டும் புதிதாக எடுத்துச் சேர்ப்பார்கள். அம்மா குளிருக்குக் காதோடு சேர்த்து மஃப்ளர் சுற்றியிருந்தார், அதை எடுக்கச் சொன்னார்கள். அவிழ்த்துவிட்டு, கலைந்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். அதிகாரி எத்தனை நாள், யார் வீடு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா ஃபைலைத் திறந்து, பிப்ரவரி 23 டிக்கெட்டையும் தம்பியின் கடிதத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணாடிக்கு அடியில் நகர்த்தினார். "சன் ஹவுஸ். பேபி" என்றார். அவ்வளவுதான் கேள்வி.

நான் 20 நாளில் திரும்பிவிட்டேன். பேத்தி ஜனவரியில் பிறந்தாள். அம்மா தனியாக வரும்போது சக்கர நாற்காலி உதவி கேட்டு டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்தோம். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், மொழி தெரியாத பெரியவர்களுக்கு எல்லைச் சோதனையிலிருந்து விமான வாசல் வரை ஒரு ஆள் துணை இருப்பது பெரிய நிம்மதி. வெளியேறியது பதிவாகியிருந்தாலும் போர்டிங் பாஸைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக் கொண்டுவந்தார்.

பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு வரச் சொல்லித் தம்பி இப்போதே கேட்கிறான். எண்ணிப் பார்த்தேன். அதற்குள் அந்த 180 நாள் கணக்கு முழுக்கத் தாண்டிவிடும், மறுபடி 90 நாள் வரை கேட்கலாம். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்குக் கொண்டு வந்த விதிப்படி, மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்து இரண்டு வருடப் பலமுறை விசா கிடைக்க வழி உண்டு, அதற்கு அப்புறம் ஐந்து வருடத்துக்கும். அம்மா அந்தப் பச்சை ஃபைலைப் பீரோவின் மேல் தட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறார். நேற்று போனில், "இந்த வருஷ வீட்டு வரி ரசீதையும் அதுலயே வெச்சுட்டேன்" என்றார்.